வெள்ளைவிழியில் வளரும் புற்று: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அனுப்பிய கேள்விகள்

சென்ற இதழில் கண்ணில் வளரும் சதையைப் பற்றி எழுதியபோது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இப்படி ஏதேனும் தென்பட்டால் அதைச் சாதாரணச் சதை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். விஷயத்தின் தன்மை கருதி, எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 36. கொத்தனார் வேலை பார்க்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் இடது கண்ணில், மூக்குப் பக்கமாக, அரிசி நொய் அளவுக்கு வெள்ளையாக ஒன்று வந்தது. மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். சிவப்பு குறைந்தது, ஆனால் கட்டி போகவில்லை. இப்போது கருவிழியின் ஓரத்தில் ஏறியிருக்கிறது. எங்கள் ஊரில் காட்டியபோது சதை வளர்ச்சி என்றார்கள். நகரத்தில் பெரிய மருத்துவமனையில் காட்டினால், அறுவைச் சிகிச்சைக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்கிறார்கள். கண்ணில் வந்த கட்டிக்கும் அந்தப் பரிசோதனைக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதிலிருந்து மனம் கூசுகிறது.

பதில்: உங்கள் மனம் கூசியது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட மருத்துவர் உங்கள் நடத்தையைப் பற்றி எதையும் ஊகிக்கவில்லை. உங்கள் கண்ணைச் சரியாகப் பார்த்திருக்கிறார் என்பதே அதன் பொருள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய, ஈரமான படலமும் கருவிழியின் மேல்தோலும் சந்திக்கும் விளிம்பில்தான் கண்ணின் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூலச் செல்கள் இருக்கின்றன. இமைகள் மூடாமல் விடும் இடைவெளியில், மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும், இந்த விளிம்பு நாள் முழுவதும் வெயிலில் கிடக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அந்தச் செல்களின் மரபணுக்களைச் சிதைக்கின்றன. சிதைந்த செல்களைக் கண்டுபிடித்து அழிப்பது நம் உடலின் எதிர்ப்பு அணுக்களுடைய அன்றாட வேலை. அந்தக் காவல் தளர்ந்துபோனால், சிதைந்த செல்கள் தங்கிப் பெருகி, முதலில் மேல்தோலுக்குள்ளேயே அடங்கிய முன்புற்றாகவும், பின்னர் மேல்தோலுக்கு அடியில் உள்ள அடித்தளச் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கும் செதிள் செல் புற்றாகவும் மாறுகின்றன. ஆக, வெயில் விதைக்கிறது, காவல் தளர்ந்த இடத்தில் அது முளைக்கிறது.

இதில் வெயிலின் பங்கு எவ்வளவு என்பதை 1996-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஒரு ஆய்வு தெளிவாகக் காட்டியது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு 10 பாகை விலகும்போதும் கண்ணில் வரும் இந்தப் புற்று ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. நிலநடுக்கோட்டையொட்டிய உகாண்டாவில் ஆண்டுக்கு லட்சத்தில் 1.2 பேருக்கு மேல் வந்த நோய், பிரிட்டனில் லட்சத்துக்கு 0.02-க்கும் கீழே இருந்தது. காவல் தளர்வதன் பங்கைக் காட்டியதும் அதே உகாண்டாதான். தலைநகர் கம்பாலாவின் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1970 முதல் 1988 வரை ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 6 பேருக்கு மேல் போகாமல் இருந்த எண்ணிக்கை, 1992-இல் 35-ஆக உயர்ந்தது. அங்குள்ள கண் மருத்துவர்கள் 48 நோயாளிகளைப் பரிசோதித்தபோது அவர்களில் 36 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, வேறு கண் நோய்களுக்காக வந்த 48 பேரிடம் பார்த்தால் 9 பேருக்குத்தான் இருந்தது. வெயில் அதே வெயில்தான். அந்த மக்களின் எதிர்ப்புச் சக்தியே மாறியிருந்தது.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். ஹைதராபாதின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தின் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், 60 இந்திய நோயாளிகளுக்குக் கண்ணில் வந்த இந்தக் கட்டியே எச்.ஐ.வி. தொற்றின் முதல் அடையாளமாக இருந்ததைப் பதிவு செய்தார்கள். அந்த 60 பேருக்கும் அதற்கு முன் தங்களுக்குத் தொற்று இருப்பது தெரியாது. வழக்கமாக இந்தக் கட்டி, பல்லாண்டு வெயிலில் உழைத்த முதியவர்களுக்கு வருவது. ஐம்பதைத் தாண்டாத ஒருவருக்கு வந்தால், எதிர்ப்புச் சக்தி எதனால் குறைந்தது என்று தேடிப் பார்ப்பது மருத்துவரின் கடமை. உங்களைப் போல நாள் முழுவதும் வெயிலில் நிற்பவருக்கு அது வெயிலால் மட்டுமே வந்திருக்கவும் கூடும். பரிசோதனை 'இல்லை' என்று வந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. 'இருக்கிறது' என்று வந்தால், கண்ணைக் காப்பாற்ற வந்த இடத்தில் உயிரையும் காப்பாற்றிக்கொள்ள வழி கிடைத்தது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை உறுதிசெய்தபோது கையில் மருந்தே கிடையாது. 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மையங்களில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக உட்கொள்பவர்கள் மற்றவர்களைப் போலவே வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து வாழ்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் ஆலோசனை சொல்லி, உங்கள் சம்மதத்தோடு, இலவசமாகவே பரிசோதிப்பார்கள். முடிவை இரகசியமாக வைத்திருப்பார்கள்.

இனி, உங்கள் ஊரில் சொன்ன 'சதை வளர்ச்சி'க்கு வருகிறேன். சாதாரணச் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து ஈயின் இறகு போல முக்கோணமாகப் படர்ந்து, கருவிழியை நோக்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். புற்றாக மாறக்கூடியது சற்று வேறு மாதிரி. பிளவு விளக்கு என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்க்கும்போது, விளிம்பில் கூழ் உறைந்தது போல மேடாக இருக்கும். அல்லது சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டது போல வெண்படை தெரியும். அல்லது பூக்கோசின் மேற்பரப்பு போலச் சிறு சிறு மொட்டுகளாக இருக்கும். அதை நோக்கி, மற்ற இரத்தக் குழாய்களைவிடத் தடித்து முறுக்கிய ஒன்றிரண்டு குழாய்கள் ஓடிவந்து நுழையும். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குச் சில சமயம் பழுப்பாகவோ கருப்பாகவோ நிறம் ஏறியிருப்பதால், மச்சம் என்று ஏமாறுவதும் உண்டு. எட்டே மாதங்களில் கருவிழி மேல் ஏறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். அது சிவப்பை அடக்கி நோயை மறைக்குமே தவிர, கட்டியைக் கரைக்காது. இனி அதைப் போட வேண்டாம்.

எங்கே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும், "எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு, வேறொரு இடத்தில் இரண்டு முறை 'சதை' எடுத்திருந்தார்கள். இரண்டு முறையும் எடுத்தது குப்பைக்குப் போய்விட்டது. மூன்றாம் முறை வளர்ந்த பிறகு வந்தார். நான் எடுத்து அனுப்பியது உள்ளே ஊடுருவிய புற்று என்று வந்தது. அப்போது அது கண்ணுக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது. அந்தக் கண்ணை அவருக்கு மீட்டுத் தர முடியவில்லை. முதல் சதையை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்பியிருந்தால் அவர் கண் பிழைத்திருக்கும் என்பதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

சரியாகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை எப்படியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டியைக் கருவியால் பிடிக்காமல், சுற்றிலும் நல்ல திசுவாகத் தெரிவதில் 4 மில்லிமீட்டர் சேர்த்து, ஒரே துண்டாக எடுப்பார்கள். பிடித்தால் செல்கள் உதிர்ந்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்தக் கவனம். கருவிழி மேல் ஏறிய பகுதியில் ஆல்கஹால் நனைத்த பஞ்சை வைத்து மேல்தோலைத் தளர்த்திச் சுருட்டி எடுப்பார்கள். வெட்டிய விளிம்பைக் கடுங்குளிரால் உறையவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பார்கள். வெற்றிடம் பெரிதாக இருந்தால் பனிக்குடச் சவ்வை (கருவில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வை) வைத்து மூடுவார்கள். எடுத்த படலம் வெங்காயத் தோலைவிட மெல்லியது, விட்டால் சுருண்டுவிடும். அதை ஒரு சிறு வடிதாளின் மேல் மடிப்பில்லாமல் விரித்து, எந்த ஓரம் மூக்குப் பக்கம், எந்த ஓரம் கருவிழிப் பக்கம் என்று குறித்து, அதன் பிறகே புட்டியில் இடுவோம். அப்படி அனுப்பினால்தான் நோய்ச் செல் எந்த ஓரத்தில் மிச்சமிருக்கிறது என்று ஆய்வகத்தில் சொல்ல முடியும்.

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது, ஆறு ஆண்டுகளாகக் கூட்டு மருந்து எடுத்துக்கொள்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் கண்ணில் கட்டியை எடுத்தார்கள். முன்புற்று என்றும், ஓரத்தில் நோய்ச் செல்கள் இருக்கின்றன என்றும் அறிக்கை வந்தது. 5 ஃபுளூரோயுராசில் என்ற சொட்டு மருந்து எழுதித் தந்திருக்கிறார்கள். அது கீமோதெரபி மருந்து என்கிறார்களே, கண்ணில் விடலாமா? எனக்குத் தொற்று இல்லை. நான் இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. நானே அவருக்குச் சொட்டு விடலாமா? அவருடைய கண்ணீர் என் மேல் பட்டால் ஆபத்தா? ஒரு தனியார் இடத்தில் அவருடைய நோயைக் காரணம் காட்டி அறுவைச் சிகிச்சை செய்ய மறுத்துவிட்டார்கள் என்பதையும் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கர்ப்பத்தைப் பற்றியது. தயவுசெய்து நீங்கள் அந்த மருந்தைக் கையாள வேண்டாம். வேகமாகப் பெருகும் செல்களைத் தடுக்கும் மருந்து அது. வயிற்றில் வளரும் குழந்தையின் செல்களும் அப்படிப்பட்டவைதான். கணவர் தாமே விட்டுக்கொள்ளட்டும், அல்லது மாமியாரோ நாத்தனாரோ கையுறை அணிந்து விடட்டும். விட்ட பிறகு கண்ணின் உள்மூலையை, மூக்கை ஒட்டி, இரண்டு மூன்று நிமிடங்கள் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்காது. வழிந்ததை மெல்லிய தாளால் ஒற்றி, அந்தத் தாளை உடனே அப்புறப்படுத்த வேண்டும். மருந்து படும் இமைத்தோல் சிவந்து எரியும் என்பதால், விடுவதற்கு முன் இமையின் கீழ் லேசாக வாசலின் தடவிக்கொள்வது நல்லது.

கண்ணில் விடலாமா என்றால், தாராளமாக விடலாம். உங்கள் கணவரின் நிலைக்கு அது மிகப் பொருத்தமான மருந்து. கென்யாவில் நான்கு கண் மருத்துவ மையங்களில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2016-இல் வெளிவந்தது. கட்டியை எடுத்த பிறகு ஒரு பகுதியினருக்கு 1 சதவீத 5 ஃபுளூரோயுராசிலையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டையும், நாளுக்கு 4 வேளை, 4 வாரங்கள் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் வெறும் சொட்டு விட்ட 47 பேரில் 17 பேருக்குக் கட்டி திரும்பியது. மருந்து விட்ட 47 பேரில் 5 பேருக்குத்தான் திரும்பியது. இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். நோய் மிகுதியாக உள்ள நாட்டில், எச்.ஐ.வி. உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக, ஏழை நோயாளிகளுக்கு எட்டக்கூடிய விலையில் உள்ள மருந்தைக் கொண்டு நடத்திய ஆய்வு அது. மருத்துவர்கள் இந்த மருந்தை வெவ்வேறு முறைகளில் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் விட்டு மூன்று வாரம் நிறுத்தும் முறையும் உண்டு. உங்கள் மருத்துவர் எழுதிய முறையையே பின்பற்றுங்கள். எரிச்சலும் நீர் வடிதலும் இருக்கும், மருந்து முடிந்ததும் அடங்கும். சிலருக்கு மைட்டோமைசின் சி என்ற வேறொரு கீமோதெரபி சொட்டு மருந்தைத் தருவார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் மேற்பரப்புச் செல்களை இன்னும் கடுமையாகத் தாக்கக்கூடியது என்பதால் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படும்.

கண்ணீரால் எச்.ஐ.வி. பரவாது. அவருடைய கண்ணைத் துடைத்தாலும் அதே தலையணையில் படுத்தாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கூட்டு மருந்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியாகவும் அது பரவுவதில்லை என்பது இன்று உறுதியான அறிவு. அவருடைய வைரஸ் அளவை ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கர்ப்பிணி என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சை செய்ய மறுத்தது தவறு மட்டுமல்ல, சட்டத்துக்கும் புறம்பானது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்று இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கவோ, சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, ஒருவரது நிலையை வெளியே சொல்லவோ அது தடை விதிக்கிறது. எந்த நோயாளிக்கும் நாங்கள் கையுறை அணிந்து, கருவிகளை அழுத்த நீராவியில் சுத்திகரித்துத்தான் அறுவைச் சிகிச்சை செய்கிறோம், எச்.ஐ.வி. உள்ளவருக்கென்று தனியான எந்த ஆபத்தும் அதில் சேர்ந்துவிடுவதில்லை. ஒரு மருத்துவனாக, உங்களுக்கு நேர்ந்ததற்காக வருந்துகிறேன். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் அடுத்து என்ன செய்வது என்று வழி சொல்வார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை ஆகி 11 ஆண்டுகள் ஆகின்றன. டாக்ரோலிமஸ், அசதயோபிரின், பிரட்னிசலோன் சாப்பிடுகிறார். கண்ணில் செதிள் செல் முன்புற்று என்று வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் வந்தது என்றால், அந்த மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? மாற்றிய சிறுநீரகத்தைக் கொடுத்தது என் அப்பா.

பதில்: நிறுத்த வேண்டாம். ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். கண்ணில் வந்திருப்பது மேல்தோலில் மட்டும் இருக்கும் முன்புற்று. அதை அறுவைச் சிகிச்சையாலோ சொட்டு மருந்தாலோ பெரும்பாலும் முற்றாகக் குணப்படுத்திவிட முடியும். அப்பா கொடுத்த சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிட்டால், அதை மீட்பது அவ்வளவு எளிதல்ல.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் எண்ணம் தவறானதல்ல. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்குத் தோலில் செதிள் செல் புற்று பல மடங்கு அதிகம் வருகிறது. கண்ணின் மேற்பரப்பும் வெயில் படும் தோலைப் போன்றதே. மருந்துகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அசதயோபிரின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதோடு நில்லாமல், திசுக்களைப் புற ஊதாக் கதிருக்கு எளிதில் பாதிக்கப்படுபவையாகவும் ஆக்குகிறது. சிரோலிமஸ் போன்ற சில மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுக்குள் வைத்தபடியே புற்றுச் செல்களின் பெருக்கத்தையும் மட்டுப்படுத்துகின்றன. தோலில் புற்று வந்த சிறுநீரக மாற்று நோயாளிகளை அதற்கு மாற்றியபோது புதிய தோல் புற்றுகள் குறைந்திருக்கின்றன. ஆகவே மருந்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் சிறுநீரக மருத்துவர். திசு அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். கண் மருத்துவரும் அவரும் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டு துறைகளுக்கும் நடுவில் நோயாளி தூதுவராக அலைவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சொட்டு மருந்தாக இன்டர்ஃபெரான் ஆல்ஃபா 2பி தரலாம் என்று யாரேனும் சொன்னால், மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் என்பதை உடனே நினைவூட்டுங்கள். இன்டர்ஃபெரான் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து. சொட்டாக விடும்போது உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவுதான் என்றாலும், சிறுநீரக மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது. அம்மாவின் முகம், காது, உதடு, கையின் மேற்புறம் ஆகியவற்றைத் தோல் மருத்துவர் ஒருவர் முழுமையாகப் பார்க்கட்டும். வெளியே போகும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வேண்டும். காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழி ஒரு லென்ஸ் போல வளைத்து மூக்குப் பக்க விளிம்பில் குவித்துவிடுகிறது என்பதால், முன்பக்கம் மட்டும் மறைத்தால் போதாது. அதனுடன் குடையும் இருக்கட்டும்.

கேள்வி: எச்.ஐ.வி. தொற்றுள்ள எனக்குக் கண்ணின் வெள்ளையில் இரத்தம் உறைந்தது போல ஒரு திட்டு. தானாகப் போய்விடும் என்றார்கள். இரண்டு மாதங்கள் ஆகியும் போகவில்லை.

பதில்: வெள்ளைவிழியில் கசிந்த இரத்தம் இரண்டு வாரங்களில், மிஞ்சினால் மூன்று வாரங்களில், மஞ்சளாகி மறைந்துவிடும். இரண்டு மாதங்கள் நிற்பது இரத்தக் கசிவு அல்ல. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கபோசி சர்கோமா என்ற இரத்தக் குழாய்ப் புற்று கண்ணின் வெள்ளையிலும் இமையிலும் இப்படித்தான், தட்டையான செந்திட்டாக, வலியில்லாமல் வரும். மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 8 என்ற வைரஸ் அதற்குக் காரணம். கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து எதிர்ப்புச் சக்தி மீண்டு வரும்போது அது பலருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே சுருங்கிவிடுகிறது. நிறம் செக்கச் சிவப்பாக இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பாக, கீழிமையை இழுத்தால் மெழுகு போலத் தெரிந்தால், நிணநீர்ப் புற்றையும் நினைக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் திசுப் பரிசோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். இந்த வாரமே காட்டுங்கள். தோலிலும் வாயின் மேலண்ணத்திலும் ஊதா நிறத் திட்டுகள் இருக்கின்றனவா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போங்கள். மருத்துவர் அதைக் கட்டாயம் கேட்பார்.

கேள்வி: என் பெரியப்பாவுக்குக் கண்ணில் வந்த கட்டியை ஓராண்டாக நந்தியாவட்டைப் பூச்சாறும் தாய்ப்பாலும் விட்டுப் பார்த்தோம். இப்போது கட்டி எலுமிச்சை அளவுக்கு வெளியே தள்ளிவிட்டது. இமைகளோடு சேர்த்துக் கண்ணையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதும் இப்போதுதான் தெரிந்தது. கண்ணை எடுக்காமல் வேறு வழியே இல்லையா?

பதில்: பெரியப்பாவுக்காக உண்மையாகவே வருந்துகிறேன். உங்கள் வீட்டார் மீது எனக்குக் கோபம் இல்லை. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவது நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். சூட்டுக்கும் எரிச்சலுக்கும் இதமாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். ஆனால் புற்றின் மேல் அதற்கு எந்த வேலையும் இல்லை. சாறில் உள்ள கிருமிகள் புண்ணில் சேரவும் கூடும். கண்ணில் ஒரு வளர்ச்சி தெரிந்தால் எந்தச் சாறும் விடாமல் நேராக மருத்துவரிடம் வர வேண்டும் என்று இதைப் படிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

வேறு வழி உண்டா என்பதைச் சொல்ல, புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். கண்ணுக்குள் மட்டும் புகுந்திருந்தால் கண்கோளத்தை மட்டும் எடுத்துவிட்டு இமைகளை வைத்துக்கொள்ளலாம். பின்னர் செயற்கைக் கண் பொருத்தினால் எதிரே இருப்பவருக்குச் சட்டென்று தெரியாது. கண்குழிக்குள் இருக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் பரவிவிட்டிருந்தால், குழியில் உள்ளதை முழுவதும் எடுப்பதுதான் உயிரைக் காக்கும் வழி. எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேனில் இது தெரிந்துவிடும். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறிக்கட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். இந்தப் புற்று முதலில் பரவுவது அங்கேதான். உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவுவது அரிது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல். ஆகவே பெரிய அறுவைச் சிகிச்சை என்றாலும், செய்துகொண்ட பிறகு பெரியப்பா பல ஆண்டுகள் வாழ வாய்ப்பு இருக்கிறது. ஒரே கருத்தில் முடிவெடுக்கத் தயங்கினால், கண் புற்றுக்கென்று தனிப் பிரிவு உள்ள ஒரு பெரிய கண் மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். கூட்டு மருந்தையும் இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள். ஒரு கண் போனாலும் இன்னொரு கண்ணில் பார்வை இருப்பவர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்வார். முதல் சில மாதங்கள் தண்ணீர் ஊற்றும்போதும் படி இறங்கும்போதும் தூரம் பிடிபடாது. அந்தச் சமயத்தில் பக்கத்தில் ஒருவர் இருங்கள்.

கேள்வி: நான் ஓர் ஏ.ஆர்.டி. மையத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்களிடம் கண் மருத்துவர் கிடையாது; பிளவு விளக்கும் இல்லை. மாதந்தோறும் மருந்து வாங்க வருபவர்களின் கண்களை நாங்களே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. இந்த மாதம் வந்த கடிதங்களில் என் மனத்துக்கு மிகவும் நிறைவளித்தது உங்களுடையதுதான். நோயாளியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து பிடியுங்கள். நேராகப் பிடித்தால் மேடு தெரியாது, பக்கத்திலிருந்து பிடித்தால் மேட்டின் நிழல் விழும். கட்டைவிரலால் மேலிமையைத் தூக்கிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். கீழிமையை இழுத்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இடமும் வலமும். கருவிழியைச் சுற்றியுள்ள விளிம்பை, கடிகார முள் சுற்றுவது போல, ஒரு சுற்று முழுதும் பாருங்கள். இரண்டு கண்களையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். விளிம்பில் மேடான எதுவும், வெண்படையும், அதை நோக்கி ஓடும் தடித்த இரத்தக் குழாயும், புதிதாக வந்த கரும்புள்ளியும், ஒரே கண்ணில் மட்டும் வாரக்கணக்காக நீடிக்கும் சிவப்பும் கண் மருத்துவரிடம் அனுப்புவதற்குப் போதுமான காரணங்கள். சி.டி.4 எண்ணிக்கை (இரத்தத்தில் உள்ள எதிர்ப்பு அணுக்களின் அளவு) நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்; எண்ணிக்கை உயர்ந்தவர்களுக்கும் இது வருகிறது. ஏற்கெனவே கட்டி எடுத்தவர்கள் இருந்தால், அவர்களது அட்டையில் அதைச் சிவப்பு மையில் குறித்துவையுங்கள். திரும்பி வருவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் என்பதால், அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கண் மருத்துவர் அவர்களைப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஆண்டுதோறும் வரச் சொல்லுங்கள்.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண் பிரிவில் டொலுயிடின் நீலம் என்ற சாயம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். 0.05 சதவீதக் கரைசலைச் சந்தேகத்துக்குரிய மேட்டின் மேல் தடவினால், நோய்ச் செல்கள் உள்ள இடம் அடர் நீலமாகப் பிடிக்கும். சாதாரணச் சதையும் பல சமயம் நீலம் பிடிப்பதால், நீலமானதெல்லாம் புற்று என்று சொல்ல முடியாது. ஆனால் சாயமே பிடிக்காத மேடு புற்றாக இருப்பது அரிது என்பதால், யாரை முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்க அது உதவும். அனுப்பும் சீட்டில் 'கண் சிவப்பு' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கண், கடிகார முகப்பாக எண்ணினால் எத்தனை மணி இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், எப்போதிலிருந்து என்று எழுதி, 'திசுப் பரிசோதனை தேவைப்படலாம்' என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.